வந்த மாதிரிதான்

எங்கள் அப்பாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பேருந்து எண்ணையும் ரேஷன் கடை டோக்கனையும் வைத்தே கோயமுத்தூரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவார். அதனால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில், போத்தனூர்ப் பக்கம் இருந்த ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியில் எனக்கு ஓர் அட்டை கொடுத்தபோது, அதை முதலில் படித்தவர் அவர்தான்.

“எழுவத்தி மூணு,” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஏற்பாடு எளிமையானது. அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற, வீட்டில் வசதியில்லாத பையன்களில் ஒரு சிலரைக் கம்பெனி தேர்ந்தெடுக்கும். நான்கு வருடம் இன்ஜினியரிங் படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் அவர்களே கட்டிவிடுவார்கள். படித்து முடித்ததும் நான்கு வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும். அதுவரை என் மார்க் ஷீட்டும் டி.சி.யும் அவர்கள் பீரோவில் இருக்கும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தக் கதவு திறக்காமல் இருந்திருந்தால், நானும் அன்னூர்ப் பக்கம் அப்பா வேலை செய்யும் தோட்டத்துக்கே போயிருப்பேன்.

மேனேஜர் அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா நின்றுகொண்டே இருந்தார். பள்ளிச் சீருடையிலேயே என்னைச் சுவரோரம் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். பத்திரத்தில் அப்பா கைநாட்டு வைத்தார். விரலைத் துடைத்துக்கொண்டே, “அப்ப போயிட்டு வாரோமுங்க சார்,” என்றார்.

மேனேஜர் சிரித்தார். “வாங்க, வாங்க. இனி என்னங்க, பையன் வந்த மாதிரிதான்.”

ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அப்பா அதை மூன்று முறை சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார். “வந்த மாதிரிதானாமா.” அந்தச் சொல்லுக்குள் ஏதோ ஒன்று தவறாக உட்கார்ந்திருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

*

மூன்றாம் வருடத்தில் ஹாஸ்டல் போர்வெல் மோட்டார் பழுதாகி இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆட்கள் வந்து பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே ஏற்றினார்கள். வாளியோடு நின்ற பையன்களோடு நானும் நின்று பார்த்தேன். நீளமான, மெலிந்த, சேறு வழிகிற இரும்பு. தரையில் கிடத்தித் துணியால் துடைத்தபோது என் கம்பெனியின் பிளேட் தெரிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. குனிந்து பார்த்தேன். பிளேட்டுக்குக் கீழே இரும்பு விளிம்பில் இரண்டு எண்கள் குத்தப்பட்டிருந்தன. 19. பக்கத்தில் 73.

போட்டோ எடுத்துத் தங்கச்சியின் போனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அப்பா கூப்பிட்டார்.

“உன்ற நம்பராச்சே கண்ணு! நீ அங்கயும் இருக்கறயா?”

“தெரியலீங்ப்பா. மாடல் நம்பரா இருக்கும்.”

“எதா இருந்தா என்ன? உன்ற நம்பரு தண்ணி எறைக்குதே.”

அந்த மோட்டாரை அங்கேயே பார்த்துச் சரிசெய்து மறுபடி உள்ளே இறக்கினார்கள். சாயந்தரம் தண்ணீர் வந்தது. எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய்க் குளித்தேன். அன்று எனக்குத் துளியும் பயம் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைக்கும்போது உடம்பு சில்லிடுவது அந்தச் சந்தோஷத்தால்தான்.

*

வேலையில் சேர்ந்த நாள் கேட்டில் இருந்த செக்யூரிட்டி தலை தூக்காமலேயே, “என்னங்க எழுவத்தி மூணு, இன்னிக்கு லேட்டு?” என்றார். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. என் கழுத்தில் அட்டை தொங்குகிறது, அதைப் பார்த்துச் சொல்கிறார் என்று சமாதானம் செய்துகொண்டேன். உள்ளே போன பிறகுதான் அட்டை சட்டைப் பைக்குள் இருப்பது தெரிந்தது.

பத்து மணிக்கு டீ. கேன்டீன் அக்கா எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்து ஊற்றினார். ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறிய எண். என்னுடையதை நானே எடுத்துக்கொண்டேன். அதன் விளிம்பு ஓரிடத்தில் நெளிந்திருந்தது. வெளிப்பக்கம் பல வருடக் கை பட்டுத் தேய்ந்து மங்கியிருந்தது.

“இது பழசுங்களாக்கா?”

“உன்றதுதான் கண்ணு. நாலு வருசமா ஊத்தறனே.”

“நான் இன்னிக்குத்தானுங்களே வாரேன்?”

“லிஸ்டுல இருக்கற நம்பருக்கெல்லாம் ஊத்தோணும். ஊத்திப்போடுவேன்.”

“குடிக்கறது யாருங்க்கா?”

அவர் அடுத்த டம்ளருக்கு நகர்ந்தார். “காலியாத்தான் திரும்பி வரும்.”

டெஸ்டிங் பிரிவு ஒரு பெரிய கொட்டகை. நடுவில் ஆள் ஆழத்துக்கு ஒரு சிமென்ட் தொட்டி. கிணற்றுக்குள் கிடக்க வேண்டிய மோட்டார்களை அதில் முக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். உள்ளே மோட்டார் ஓடுவது வெளியே கேட்காது. கறுத்த தண்ணீரின் மேல்தோல் மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கும். தொட்டியோரம் இரண்டு மேசைகள். ஒன்று ஃபோர்மேனுடையது. அவர் எண் பத்தொன்பது. இன்னொன்றின் நாற்காலியில் கிடந்த மெத்தை, ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது.

“இதானுங்க உங்க எடம்,” என்றார் ஃபோர்மேன். மிகவும் மரியாதையான மனிதர். என்னைவிட முப்பது வயது மூத்தவர், ஒருநாளும் ‘வா, போ’ என்று பேசியதில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சிறிய இரும்பு உளியை என் உள்ளங்கையில் வைத்தார். அதன் ஒரு முனையில் 73 இடவலம் மாறிப் பொறிக்கப்பட்டிருந்தது. பஞ்ச் என்பார்கள். சோதித்த மோட்டாரின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் எண் பதியும்.

புதிய பஞ்சின் மேல்முனை தட்டையாக, கூர்மையான ஓரத்தோடு இருக்கும். என் கையில் இருந்தது அப்படியில்லை. அடி வாங்கி வாங்கி மேல்முனை காளான் குடைபோல விரிந்து, ஓரம் மடங்கித் தொங்கியது.

“இத யாருங்கண்ணா அடிச்சது?”

“நீங்கதானுங்க,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“நாலு வருசமா ஒரு நாள் லீவு போடலீங்க நம்ம எழுவத்தி மூணு.”

“தீவாளிக்குக் கூட ஓவர்டைம் பாத்தாருங்க.”

“சும்மா இருங்கப்பா,” என்றார் ஃபோர்மேன். பிறகு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். “கோவிச்சுக்காதீங்க தம்பி. ஒரு மோட்டாருக்கு ரெண்டு பேரு நம்பர் அடிக்கோணும்னு ரூல்ஸ். ரெண்டாவது ஆளு ரிட்டயர்டு ஆயிப்போனாரு. வேற ஆளு கேட்டா, அந்த எடம் உங்களுக்குன்னு வெச்சாச்சு, நீங்க வந்த மாதிரிதான்னு சொல்லிப்போட்டாங்க. நம்பரும் லிஸ்டுல ஏறிப்போச்சு. பஞ்சும் வந்துருச்சு. நான் என்னங்க பண்றது?”

அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் நான்கு போட்டோக்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு வருட ஆயுத பூஜைக்கும் பிரிவு ஆட்களைக் கூட்டி எடுத்தது. நான்கிலும் ஃபோர்மேனுக்கு இடது பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. மற்றவர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், அந்த இடத்தை மட்டும் யாரும் மிதிக்கவில்லை.

“அது நீங்க நிக்கற எடமுங்க,” என்றார் அவர், நான் பார்ப்பதைக் கவனித்து. அதை அன்பாகத்தான் சொன்னார்.

*

இரண்டாவது ஆள் வெறுமனே எண் குத்துவதற்காக வைக்கப்பட்டவர் அல்ல. முதல் ஆள் மோட்டார் வந்தவுடன் சோதிப்பார். பிறகு அது ஓர் இரவு முழுக்கத் தொட்டியில் ஊற வேண்டும். மறுநாள் இரண்டாவது ஆள் மெக்கர் வைத்துப் பார்ப்பார். கம்பிச் சுற்றிலிருந்து மின்சாரம் வெளியே கசிகிறதா என்று காட்டும் கருவி அது. முள் மேலே நின்றால் நல்லது, கீழே விழுந்தால் மோட்டாரை அனுப்பக்கூடாது. சில ஓட்டைகள் ஊறிய பிறகுதான் தெரியும்.

நான்கு வருடமாக எதுவும் ஊறவில்லை. ஃபோர்மேன் ஒரு முறை பார்த்துத் தன் எண்ணை அடிப்பார், உடனே என் எண்ணையும் அடிப்பார்.

“ஒருக்கா பாத்தத நானே மறுக்கா பாத்தா என்ன தம்பி புதுசாத் தெரியப்போவுது? எல்லாம் நல்லாத்தானுங்க ஓடிட்டு இருக்குது.”

நான் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் ஊறவைத்தேன். வேலை தாமதமானது, முணுமுணுத்தார்கள். “பழைய எழுவத்தி மூணு நல்ல மனுசனுங்க. வாயே தொறக்க மாட்டான்,” என்று டீ நேரத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, எனக்கு முன்னால் இங்கே இருந்தவனைப் பற்றி யோசித்தேன். தாமதமாக வராதவன். எதிர்த்துக் கேட்காதவன். இவர்களுக்கெல்லாம் என்னைவிட அவனைத்தான் பிடித்திருந்தது. அவனுக்கும் எனக்கும் ஒரே எண், ஒரே டம்ளர், அட்டையில் ஒரே போட்டோ.

ஏழு மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் தொண்டாமுத்தூரிலிருந்து கூப்பிட்டார்கள்.

*

சர்வீஸ் ஆள் ஒருவரோடு பைக்கில் போனேன். மெக்கர் பெட்டி என் மடியில். பேரூரைத் தாண்டியதும் காற்றில் ஈரம். மலை பக்கத்திலேயே நின்றது. தென்னந்தோப்புக்குள் வெயில் துண்டு துண்டாக விழுந்திருந்தது. யாரும் பேசாத தோப்பு. வீட்டுக்கு முன்னால் மாட்டுத் தொட்டி, அதில் பாதித் தண்ணீர். அதன் மேல் ஒரு கோணியைப் போர்த்திக் கல் வைத்திருந்தார்கள், யாரும் தொட்டுவிடக்கூடாது என்று. பக்கத்தில் முளைக்குச்சியும் வெறும் கயிறும் கிடந்தன.

முந்தின நாள் காலை மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் குடிக்கத் தொட்டியில் வாய் வைத்த பசு அப்படியே சாய்ந்துவிட்டது. இரும்புப் பைப் வழியாக மின்சாரம் தொட்டிவரை வந்திருந்தது.

அந்த வீட்டம்மா எங்களை வரவேற்றார். கொங்குப் பக்கத்தில் எவ்வளவு கோபத்திலும் முதலில் வரவேற்புத்தான். “வாங்க தம்பி. தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டவர், கேட்டதும் தானே நிறுத்திக்கொண்டார்.

மோட்டாரை மேலே எடுத்து வாழை மட்டைகளின்மேல் கிடத்தியிருந்தார்கள். மெக்கர் வைத்தேன். முள் அசையாமல் அடியிலேயே கிடந்தது. வயர் வெளியே வரும் இடத்தில் ரப்பர் சரியாக உட்காரவில்லை. காய்ந்த நிலையில் தெரிந்திருக்காது. ஓர் இரவு ஊறியிருந்தால் தெரிந்திருக்கும்.

“எர்த் சரியில்லீங்க அம்மணி,” என்றார் சர்வீஸ் ஆள். “கம்பி துருப்புடிச்சுக் கெடக்குது பாருங்க.”

“எர்த்து சரியில்லாட்டிப் போவுது. மோட்டாரு சரியா இருக்கோணுமில்லீங்களா?” அவர் என் பக்கம் திரும்பினார். விளிம்பில் இருந்த எண்களை விரலால் தடவிக்கொண்டே கேட்டார். “இந்தப் பத்தொம்போது, எழுவத்தி மூணு... இது என்னங்க தம்பி?”

“பாத்து அனுப்பினவங்க நம்பருங்க.”

“ரெண்டு பேரு பாத்தாங்களா?”

பிளேட்டில் இருந்த மாதத்தைப் படித்தேன். அந்த மாதம் நான் ஆறாம் செமஸ்டர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.

“எழுவத்தி மூணு யாருங்க? அவரக் கூட்டிட்டு வாங்க. அந்தத் தொட்டில எம்பட புள்ள தெனமும் கொடம் மொண்டுட்டுப் போவா. அன்னிக்கு ஸ்கூல் வேன் சீக்கிரம் வந்துருச்சு, போயிட்டா. அவர ஒருக்கா இங்க வந்து நின்னு இந்தத் தொட்டியப் பாக்கச் சொல்லுங்க.”

என் அட்டை அன்று வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கண் அதில் விழுந்தது. கொஞ்ச நேரம் அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நானுங்க,” என்றேன். “ஆனா நான் இதப் பாக்கலீங்க. அப்ப நான் வேலைக்கே வரல. காலேஜுல இருந்தேன்.”

“பொறகு யாரு பாத்தது?”

“யாரும் பாக்கலீங்க.”

தோப்பில் ஒரு மட்டை விழுந்த சத்தம் கேட்டது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிளம்பும்போது பழக்கத்தில், “வாரேனுங்க,” என்று சொல்லிவிட்டேன்.

“நீங்க வர வேண்டாமுங்க தம்பி,” என்றார். “பாத்து அனுப்புங்க. அது போதும்.”

*

மறுநாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அப்பாவை உட்காரச் சொன்ன அதே மனிதர், அதே மேசை. அதன்மேல் அந்த மோட்டாரின் சோதனைத் தாள். இரண்டாம் சோதனை என்ற கட்டத்தில் 73 இருந்தது, கையெழுத்து இல்லை.

“ஒரு கையெழுத்துப் போட்டிருங்க தம்பி. அவங்களுக்குப் புது மோட்டாரும் மாடும் குடுத்தர்றோம், அதுல குறையில்ல. ஆனா இன்சூரன்ஸ்காரங்க இந்தத் தாளக் கேப்பாங்க. கட்டம் காலியா இருந்தா கேள்வி வருமுங்க.”

“அப்ப நான் இங்க இல்லீங்களே சார்.”

“நம்பர் உங்குளுதுதானுங்களே? நாங்க உங்கள அன்னிக்கே வந்த மாதிரிதான நெனச்சோம்? ஊட்டுப் புள்ளையாட்டப் படிக்க வெச்சோம்.” அதில் மிரட்டல் இல்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். “சாயந்தரத்துக்குள்ள போட்டுக் குடுங்க.”

தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கையெழுத்துப் போட்டால், நான்கு வருடம் எனக்கு முன்னால் இங்கே இருந்தவன் நானேதான் என்று ஆகிவிடும். அந்தத் தொட்டியில் கசிந்தது என் வழியாகத்தான் என்று ஆகிவிடும். போடாவிட்டால், மூன்றரை வருடம் இவர்கள் முகத்திலேயே விழிக்க வேண்டும். என் சான்றிதழ்கள் அந்த அறை பீரோவில்தான் இருக்கின்றன.

தொட்டியோரம் நின்று அப்பாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரல் தடுமாறியது.

“அன்னிக்கு நான் ஏதாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டனா கண்ணு? எனக்குப் படிப்பில்ல. எதுல ரேகை வெச்சேன்னு தெரியாது. ஆனா வாயில வாரோம்னுதானே சொன்னேன். வந்துட்டோம்னு சொல்லலியே?”

“இல்லீங்ப்பா. நீங்க சரியாத்தான் சொன்னீங்க.”

“நல்லா ரோசன பண்ணு. வாரோம்னுதானே?”

“ஆமாங்ப்பா.”

போனை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். மெத்தைப் பள்ளத்தில் உட்காராமல் நாற்காலியின் விளிம்பில். காலிக் கட்டத்தில் எழுதினேன்: ‘இந்தத் தேதியில் நான் பணியில் சேரவில்லை. இரண்டாம் சோதனை நடக்கவில்லை.’ கீழே என் முழுப்பெயரைப் போட்டேன். எண்ணைப் போடவில்லை.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“சரிங்க. அப்ப இந்த நாலு வருசத்துல எழுவத்தி மூணு அடிச்சதெல்லாம் ஊரூரா கெணத்துலயும் போருலயும் கெடக்குதே. அத யாருங்க பாக்கறது?”

இருட்டில், ஆழத்தில், சத்தமில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும் அத்தனை மோட்டார்களும் ஒரே நேரத்தில் கண்ணில் வந்தன.

“நான் பாக்கறேனுங்க,” என்றேன்.

*

அந்தத் தாள் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. தொண்டாமுத்தூருக்குப் புது மோட்டார் போனது, அதை நான் இரண்டு இரவு ஊறவைத்தேன். ஃபோர்மேன் சில நாட்கள் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒருநாள், அனுப்பிய மோட்டார்களின் பழைய பதிவேடுகளை அவரே தூசி தட்டி எடுத்து என் மேசையில் வைத்தார். புதன்கிழமைகளில் வெளியே போக அனுமதி கிடைத்தது. வேலை ஒப்பந்தத்தில் மீதியிருக்கும் காலம் முழுக்க அதற்குச் சரியாக இருக்கும்.

மோட்டாரை மேலே எடுக்க வேண்டியதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியிலேயே வயரில் மெக்கர் வைத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் முள் மேலே நிற்கிறது. சில இடங்களில் இறங்குகிறது. அங்கே ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, தொட்டியையும் பைப்பையும் தொட வேண்டாம் என்று சொல்கிறேன். “யாருங்க தம்பி நீங்க?” என்று கேட்கிறார்கள். என் பெயரைச் சொல்கிறேன்.

முதல் புதன்கிழமை என் காலேஜ் ஹாஸ்டலுக்குத்தான் போனேன். குளியலறையில் பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டார்ட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு மெக்கர் வைத்தேன். முள் எழும்பியது, நின்றது, பிறகு மெதுவாக, யாரோ விரலால் அமுக்குவதுபோல, பாதிக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. நான்கு வருடம் நான் தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீர். உள்ளே சோப்போடு நின்ற ஒருவன், “அண்ணா, தண்ணி எப்ப வரும்?” என்று கத்தினான். “இன்னிக்கு வராது,” என்றேன்.

மறுநாள் டீ நேரத்தில் கேன்டீன் அக்காவிடம் கேட்டேன். “நேத்து என்ற டம்ளர்ல ஊத்தினீங்களாக்கா?”

“நீதான் சொல்லிப்போட்டயே, வந்தா மட்டும் ஊத்துங்கன்னு. கவுத்து வெச்சுட்டேன்.” பிறகு சிரித்தார். “எல்லாரும் வந்து வந்து பாக்கறாங்க கண்ணு. என்ன, எழுவத்தி மூணு இன்னிக்கு வரலியான்னு. வரலீங்கன்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல.”

வருகைப் பதிவேட்டைப் போய்ப் பார்த்தேன். என் எண்ணுக்கு நேராக ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே மாதிரியான டிக் குறிகள், பக்கம் பக்கமாக, ஐந்தாவது வருடம்வரை. கடைசியில், நேற்றைய தேதியில், சிவப்பு மையில் ஒரு சிறிய ‘வரவில்லை’.